மேகசினைக் கழற்றிய பிறகும் துப்பாக்கி வெடித்தது ஏன்?

கேள்வி: துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றில் நான்கு ஆண்டுகளாக உறுப்பினராக இருக்கிறேன். உரிமம் பெற்ற என் 9 மி.மீ. பிஸ்டலின் மேகசினில் (தோட்டாக்களை அடுக்கும், கழற்றக்கூடிய பெட்டி) 10 தோட்டாக்களை நிரப்பி, அவற்றில் ஒன்றை அறைக்குள் (குழலின் பின்முனையில் தோட்டா வெடிக்கும் இடம்) ஏற்றிய நிலையில் பெட்டகத்தில் வைத்திருந்தேன். சென்ற வாரம் சுத்தம் செய்வதற்காக அதை எடுத்தபோது இடையில் தொலைபேசி அழைப்பு வந்தது. பேசிவிட்டு வந்து மேகசினைக் கழற்றினேன், ஸ்லைடை (பிஸ்டலின் மேற்புறத்தில் முன்னும் பின்னும் நகரும் பகுதி) இழுத்தேன், ஒரு தோட்டா வெளியேறி மேசையில் விழுந்தது. பாகங்களைப் பிரிக்க விசையை அழுத்தியதும் வெடித்துவிட்டது. குண்டு அலமாரியின் பக்கப் பலகையைத் துளைத்துப் புத்தக வரிசைக்குள் புதைந்து நின்றது. அலமாரியை ஒட்டிய சுவருக்கு அப்பால் என் மகள் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேகசினில் இப்போது 8 தோட்டாக்கள் இருக்கின்றன. இது துப்பாக்கியின் கோளாறா? சங்கத்திடம் சொல்ல வேண்டுமா? இனி நான் என்ன மாற்றிக்கொள்ள வேண்டும்?

பதில்: உங்கள் மகள் நலமாக இருக்கிறாள் என்ற வரியைத்தான் நான் முதலில் தேடினேன். நடந்தது என்ன என்பதற்கான விடை நீங்கள் எழுதிய எண்களிலேயே இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

மேகசினில் 10 தோட்டாக்களை நிரப்பி ஒன்றை அறைக்குள் ஏற்றினால், மேகசினில் எஞ்சுவது 9. நீங்கள் நினைவுகூர்வதுபோல் முதலில் மேகசினைக் கழற்றியிருந்தால், அந்த 9 தோட்டாக்களும் அதனுடன் வெளியே வந்திருக்கும். பிறகு ஸ்லைடை இழுத்தபோது அறையிலிருந்த தோட்டா மேசையில் விழுந்திருக்கும். உள்ளே ஏற்றுவதற்கு வேறு தோட்டா இல்லாததால் அறை காலியாகியிருக்கும். ஆனால் உங்கள் மேகசினில் இருப்பது 8. மேசையில் விழுந்தது ஒன்று, வெடித்தது ஒன்று, மேகசினில் 8 என்று கணக்குச் சரியாக வர வேண்டுமானால், மேகசின் உள்ளே இருக்கும்போதே நீங்கள் ஸ்லைடை இழுத்திருக்க வேண்டும். அப்போது பழைய தோட்டா வெளியே தெறித்த அதே அசைவில், ஸ்லைடு முன்னோக்கித் திரும்பும்போது மேகசினின் உச்சியிலிருந்த அடுத்த தோட்டாவைத் தள்ளி அறைக்குள் ஏற்றிவிட்டது. அதன் பிறகே மேகசினைக் கழற்றினீர்கள். உங்கள் பிஸ்டல் தனக்கு விதிக்கப்பட்ட வேலையை ஒழுங்காகவே செய்திருக்கிறது. தோட்டாவைப் பற்றி இழுக்கும் கொக்கி வழுக்கியிருந்தால்கூட மேசையில் தோட்டா விழுந்திருக்காது, மேகசினிலும் 9 இருந்திருக்கும். ஆகவே அந்தச் சந்தேகமும் இல்லை.

இந்த விபத்தில் மிகவும் ஏமாற்றுவது அந்த மேசைத் தோட்டாதான். தோட்டா வெளியேறுவதைக் கண்ணால் கண்டதும், துப்பாக்கி காலியாகிவிட்டது என்று மனம் நிம்மதியடைந்துவிடுகிறது. உண்மையில் அது அறையிலிருந்து ஒன்று வெளியேறியது என்பதற்கு மட்டுமே சாட்சி. அறை இப்போது காலியாக இருக்கிறது என்பதற்குச் சாட்சி அன்று. பல ஆண்டுகள் அனுபவமுள்ளவர்களும் இதே இடத்தில் தவறியிருப்பதை நான் பார்த்திருக்கிறேன். அனுபவம் கைக்கு வேகத்தைத் தரும். ஒவ்வொரு முறையும் கண் அறைக்குள் பார்த்ததா என்பது வேறு கேள்வி.

நீங்கள் பொய் சொல்வதாக நான் நினைக்கவில்லை. நூற்றுக்கணக்கான முறை சரியான வரிசையில் செய்த செயலை, இந்த முறையும் அப்படியே செய்ததாக நினைவு நிரப்பிக்கொள்வது இயல்பு. தொலைபேசியில் பேசிவிட்டுத் திரும்பியவுடன் வரிசை மாறியதும் தற்செயல் என்று நான் நினைக்கவில்லை. பாதியில் விட்ட வேலையை எங்கே விட்டோம் என்று ஊகித்துத் தொடர்வதே ஆபத்து. 2021 அக்டோபரில் அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்தில் ஒரு திரைப்படப் படப்பிடிப்பு ஒத்திகையின்போது, வெடிக்கக்கூடிய உண்மையான தோட்டா இல்லை என்று அறிவிக்கப்பட்ட ரிவால்வர் ஒன்று வெடித்து, ஒளிப்பதிவாளர் உயிரிழந்தார், இயக்குநர் காயமடைந்தார். அங்கே, பிறர் சொன்ன சொல் சோதனையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. உங்கள் வீட்டில் அந்த இடத்தைப் பிடித்தது உங்கள் நினைவு. 'காலி செய்துவிட்டேன்' என்று சொல்லும் சொந்த நினைவையும் பிறர் வாய்ச்சொல்லைப் போலவே நடத்த வேண்டும் என்பதுதான் இதிலிருந்து நான் எடுத்துச் சொல்ல விரும்பும் முதன்மையான பாடம்.

நடைமுறையில் இதைச் செய்யும் வழி இது. துப்பாக்கியைப் பாதுகாப்பான திசையில் பிடித்து, விரலை விசைக் காப்பு வளையத்துக்கு வெளியே துப்பாக்கியின் உடற்பகுதி மீது நேராக வைத்து, முதலில் மேகசினைக் கழற்றி, கைக்கு எட்டாத தூரத்தில் வையுங்கள். பிறகு ஸ்லைடை முழுவதும் பின்னிழுத்து, திறந்த நிலையிலேயே பூட்டி நிறுத்துங்கள். இழுத்தவுடன் விட்டுவிடுவதுதான் உங்களைக் கவிழ்த்த பழக்கம். திறந்து நிறுத்தினால்தான் பார்க்க முடியும். அறையையும் மேகசின் இருந்த குழியையும் வெளிச்சத்தில் பாருங்கள், சுண்டுவிரல் நுனியால் அறையின் வாயைத் தொட்டும் பாருங்கள், வேறு பக்கம் பார்வையைத் திருப்பிவிட்டு மீண்டும் ஒருமுறை பாருங்கள். நிரப்பியபோது எத்தனை, இப்போது எத்தனை என்று தோட்டாக்களையும் எண்ணுங்கள். அன்று விசையை அழுத்துமுன் எண்ணியிருந்தால் மேசையில் 1, மேகசினில் 8 என்று 9 மட்டுமே வந்திருக்கும். குறைந்த ஒன்று எங்கே என்று தேடியிருப்பீர்கள். நடுவில் யாராவது அழைத்தாலோ, கதவு தட்டப்பட்டாலோ, விட்ட இடத்திலிருந்து தொடராமல் முதல் படியிலிருந்து தொடங்குங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு வந்த பின்னரே எண்ணெயையும் துணியையும் எடுங்கள்.

பாகங்களைப் பிரிக்க விசையை அழுத்தியே ஆக வேண்டும் என்ற அமைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1982இல் ஆஸ்திரிய ராணுவத்தில் சேர்க்கப்பட்ட கிளாக் பிஸ்டல் இத்தகையது; அதன் வழியில் வந்த வேறு பல பிஸ்டல்களும் அப்படியே. விசையை அழுத்தாமலே பிரிக்கக்கூடிய வடிவமைப்புகளும் உண்டு. உங்களுடையது முதல் வகை என்பதால், சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் ஒரு முறை சுடுவதற்கான செயலை நீங்கள் தெரிந்தே செய்கிறீர்கள். ஆகவே அந்த அழுத்தத்தை, குண்டு புறப்படும் என்று எதிர்பார்ப்பவரைப்போல, குண்டைத் தாங்கக்கூடிய ஒன்றை நோக்கியே செய்ய வேண்டும். ஆழமாக மணல் நிரப்பிய வாளி போதும். ராணுவ முகாம்களின் வாயிலில் மணல் பீப்பாய்கள் வைக்கப்படுவதும் இதற்காகத்தான்.

இந்த இடத்தில் மனம் நோகும்படி ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. அறையைப் பார்க்காதது முதல் தவறு. குழல் வாய் உங்கள் மகள் இருந்த திசையை நோக்கியிருந்தது இரண்டாவது தவறு, என் கணிப்பில் அதுவே பெரியது. எல்லாத் துப்பாக்கியும் எப்போதும் நிரப்பப்பட்டதே என்று கருது, அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பாதே, குறி வைக்கும்வரை விசையில் விரல் வைக்காதே, இலக்கையும் அதற்கு அப்பால் இருப்பதையும் அறிந்துகொள் என்று அமெரிக்கப் பயிற்சியாளர் ஜெஃப் கூப்பர் வகுத்த நான்கு விதிகள், ஒன்று தவறினால் மற்றொன்று தாங்கிக்கொள்ளும்படி அமைந்தவை. உங்கள் வீட்டில் முதலாவது தவறியபோது இரண்டாவது தாங்கியிருக்க வேண்டும். அதுவும் தவறியதால் புத்தகங்கள் தாங்கின. சாதாரண உட்சுவர்கள் பலவும் 9 மி.மீ. குண்டை நிறுத்துவதில்லை.

இயந்திரக் கோளாறே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு முறை சுடும்போதும் சுத்தியலைக் கையால் பின்னிழுக்க வேண்டிய பழைய வகை ஒற்றைச் செயல் ரிவால்வர்களில் சுத்தியல் தோட்டாவின் மீதே படிந்திருந்ததால், கீழே விழுந்தால் வெடிக்கும் அபாயம் இருந்தது. அதனால் ஆறு அறைகளில் ஐந்தை மட்டும் நிரப்பும் வழக்கம் வந்தது. 1973இல் ரூகர் நிறுவனம் இடைத்தகடு ஒன்றைச் சேர்த்து அந்த அபாயத்தைத் தன் ரிவால்வர்களில் நீக்கியது. 2014இல் ரெமிங்டன் நிறுவனம் தன் 700 வகை ரைபிள்களை விசை அமைப்பின் காரணமாகத் திரும்பப் பெற்றது. 2017இல் சிக் சாவர் நிறுவனம், குறிப்பிட்ட கோணத்தில் விழுந்தால் வெடிக்கக்கூடும் என்று தெரியவந்த பி320 பிஸ்டல்களுக்கு மாற்றம் செய்து தர முன்வந்தது. உங்கள் பிஸ்டலின் வரிசை எண் இப்படிப்பட்ட அறிவிப்பு எதிலும் வருகிறதா என்று தயாரிப்பாளரிடம் ஒருமுறை கேட்டுவிடுங்கள். தகுதியுள்ள பழுதுபார்ப்பவரிடம் காட்டுவதும் நல்லது. இரண்டிலும் குறை தெரியாவிட்டால், துப்பாக்கியை மாற்றுவதால் பயனில்லை.

சங்கத்திடம் சொல்லுங்கள். முதலில் உங்கள் உரிமத்தின் நிபந்தனைகளைப் படித்து, காவல்துறைக்குத் தெரிவிக்கும் கடமை இருந்தால் அதை நிறைவேற்றுங்கள். யாருக்கும் காயமில்லை என்பதால் மறைத்துவிடத் தோன்றும்; ஆனால் காயமில்லாத நிகழ்ச்சிதான், எந்தக் குடும்பமும் விலை கொடுக்காமல் பிறர் கற்றுக்கொள்ளக் கிடைக்கும் வாய்ப்பு. விமானத் துறையில் 1976 முதல் நாசா நடத்திவரும் அறிக்கை முறையில், விமானிகள் தங்கள் தவறுகளைத் தாங்களே எழுதி அனுப்புகிறார்கள். பெயர்கள் நீக்கப்பட்டுப் பாடங்கள் மட்டும் எல்லோருக்கும் போகின்றன. உங்கள் சங்கத்திலும் அப்படி ஒரு பதிவேடு இருந்தால் நன்று. இல்லையென்றால் உங்கள் அறிக்கை அதன் முதல் பக்கமாகட்டும். தண்டனையை மட்டும் நினைக்கும் சங்கத்தில் அடுத்தவர் வாய் திறக்கமாட்டார் என்பதை நிர்வாகக் குழுவிடமும் வெளிப்படையாகச் சொல்லுங்கள்.

மூடிய அறையில் வெடிச்சத்தம் 140 டெசிபெலுக்கும் மேல் எழும். உங்களுக்கோ மகளுக்கோ காதில் இரைச்சல் நீடித்தால் காது மருத்துவரைப் பார்க்கத் தாமதிக்காதீர்கள்.

அறிக்கையை எழுதும்போது 'எதிர்பாராத விதமாகத் துப்பாக்கி வெடித்தது' என்று செய்தித்தாள் நடையில் எழுத வேண்டாம். அந்த வாக்கியத்தில் ஆளே இல்லை. செய்தவர் யார், எதைச் செய்யாமல் விட்டார் என்பது அதில் தெரியாது. 'மேகசின் உள்ளே இருக்கும்போதே ஸ்லைடை இழுத்தேன், அறைக்குள் பார்க்கவில்லை, குழலை மகளின் அறைச் சுவரை நோக்கிப் பிடித்தபடி விசையை அழுத்தினேன்' என்று எழுதுங்கள். அதன் கீழே 10, 8, 1, 1 என்ற எண்களையும், தொலைபேசி எந்தக் கட்டத்தில் ஒலித்தது என்பதையும் சேர்த்துவிடுங்கள்.