“இன்னொரு பதிவேடா, டாக்டர்?”

கேள்வி: தென் மாவட்டம் ஒன்றில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலராக இருக்கிறேன். உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை வாங்க வருகிறவர்களில் பலர் சில மாதங்களில் நின்றுவிடுகிறார்கள். அவர்களைத் திரும்ப வரவழைக்க வாட்ஸ்அப் நினைவூட்டல், வண்ண அட்டை, ஓ.பி.யில் டோக்கன் என்று ஒவ்வொன்றாக முயன்றேன். எதுவும் இரண்டு மாதங்களைத் தாண்டவில்லை. இப்போது புதிதாக எதைச் சொன்னாலும் “இன்னொரு பதிவேடா, டாக்டர்?” என்கிறார்கள் செவிலியர்கள். ஒரு புதிய நடைமுறையை நிலைக்க வைப்பது எப்படி? தனியாக ஒரு செயலி செய்துகொண்டால் பயன்படுமா? மேலிடத்து அனுமதி வேண்டுமா? நான் மாறுதலில் போய்விட்டால் என்ன ஆகும்?

பதில்: உங்கள் செவிலியர்கள் கேட்பது சரியான கேள்வி. அதைச் சலிப்பாக எடுத்துக்கொள்ளாமல் முதலில் அதற்குப் பதில் தேடுங்கள். ஒரு நாள் காலையில் வெள்ளைத்தாளோடு ஒரே ஒரு நோயாளியின் பின்னால் நடந்து பாருங்கள். ஓ.பி. சீட்டு போடும் இடத்திலிருந்து மருந்தகத்தில் மாத்திரை வாங்கும் வரை அவருடைய பெயரை எத்தனை இடங்களில் எழுதுகிறார்கள், ரத்த அழுத்த அளவை எத்தனை முறை பதிகிறார்கள் என்று குறியுங்கள். அரசு கேட்கும் பதிவேடுகளிலும் இணையதளப் பதிவிலும் நீங்கள் கைவைக்க முடியாது. ஆனால் எப்போதோ யாரோ ஒரு அலுவலர் ஆய்வுக்கு வந்தபோது கேட்டார் என்பதற்காகத் தொடங்கி, இன்றும் யாரும் படிக்காமல் நிரம்பிக்கொண்டிருக்கும் நோட்டுகள் ஒன்றிரண்டாவது அகப்படும். அவற்றை முதலில் நிறுத்துங்கள். ஒன்றை எடுக்காமல் இன்னொன்றை வைக்காதீர்கள். உங்கள் மூன்று முயற்சிகளும் விழுந்ததற்கு இதுவே முதல் காரணம் என்பது என் கணிப்பு: மூன்றும் இருக்கிற வேலைக்கு மேல் வந்த வேலைகள்.

டோக்கனை மறந்துவிடுங்கள். எல்லாரும் காலை ஒன்பது மணிக்கே வந்து நிற்கும் இடத்தில் டோக்கன் வரிசையைக் குறைக்காது, உட்கார்ந்து காத்திருக்க மட்டுமே உதவும். அதுவும் நல்லதுதான். ஆனால் நின்றுபோன நோயாளியை அது திரும்பக் கொண்டுவராது.

அடுத்து, அவர்கள் ஏன் நின்றார்கள் என்று தெரியுமா? நின்றுபோனவர்களில் பத்துப் பேரைத் தேடிப் பிடித்துக் கேளுங்கள். மறதி என்று சொல்கிறவர்கள் நீங்கள் நினைப்பதைவிடக் குறைவாக இருப்பார்கள். நூறுநாள் வேலைக்குப் போகும் நாளும் உங்கள் தொற்றா நோய் சிகிச்சை நாளும் ஒன்றாக இருக்கலாம். தலைவலி போய்விட்டதால் நோயும் போய்விட்டது என்று நினைத்திருக்கலாம். பதினைந்து நாளுக்குத்தான் மாத்திரை கிடைக்கிறது, மாதம் இருமுறை பஸ் ஏற முடியவில்லை என்று சொல்லலாம். கடைசிக் காரணம்தான் பெரியது என்று தெரிந்தால், வாட்ஸ்அப்பில் எத்தனை செய்தி அனுப்பியும் பயனில்லை. ரத்த அழுத்த மாத்திரையான அம்லோடிபினின் இருப்பைப் பற்றி மருந்தாளுநரோடு உட்கார்ந்து பேச வேண்டும். 2017 இறுதியில் ஐந்து மாநிலங்களின் 25 மாவட்டங்களில் தொடங்கிய இந்திய உயர் ரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டம் முதலில் சரிசெய்தவற்றில் மருந்தும் ஒன்று: எந்த மாத்திரையில் தொடங்கி எந்த அளவுக்கு உயர்த்துவது என்ற ஒரே எளிய நெறிமுறை, அதற்கேற்ற கொள்முதல், ஒரு மாதத்துக்கான மாத்திரையை ஒரே தடவையில் கொடுப்பது.

தமிழ்நாட்டுக்கென்று ஒரு சிக்கலும் உண்டு. 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் இப்போது வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. உங்கள் கணக்கில் ‘வராதவர்’ என்று இருப்பவர் அந்தத் திட்டத்தின் தன்னார்வலரிடம் ஒழுங்காக மாத்திரை வாங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் அவரை ஓ.பி.க்கு இழுத்து வருவது உங்கள் வேலையில்லை. அவருடைய ரத்த அழுத்தம் என்ன என்ற எண் உங்கள் மேசைக்கு வந்து சேர்கிறதா என்பதே கேள்வி. தன்னார்வலரிடம் அளக்கும் கருவி இருக்கிறது. அவர் அளந்த எண் உங்களிடம் வரும் வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

இனி நடைமுறைக்கு வருவோம். உங்கள் கிராம சுகாதார செவிலியர்களுக்கு ஏற்கெனவே கைவந்த ஒரு முறை இருக்கிறது. குழந்தைக்கு அடுத்த தடுப்பூசி எந்த மாதமோ, அந்த மாதத்துக்கான உறையில் அட்டையின் அடிக்கட்டையைப் போட்டு வைக்கும் பை. மாத இறுதியில் உறையில் மிச்சமிருப்பவை வராத குழந்தைகள். பட்டியல் எழுத வேண்டாம், எண்ணிக்கூடப் பார்க்க வேண்டாம். அதையே ரத்த அழுத்தத்துக்கும் செய்யலாம். மாதத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு தடுப்புகள் உள்ள ஒரு மரப்பெட்டியோ அட்டைப்பெட்டியோ போதும். நோயாளியின் சிகிச்சை அட்டை நிலையத்தில் இருக்கும். அவர் வந்ததும் அட்டையை எடுத்து, அன்றைய அளவையும் மாத்திரையையும் ஒரு வரியில் எழுதி, அடுத்து வர வேண்டிய மாதத்தில் சொருகிவிட வேண்டும். மாதம் முடிந்ததும் மிச்சமுள்ள அட்டைகளை ஊர்வாரியாகப் பிரித்து, அந்தந்த ஊர்ச் செவிலியரிடமோ தன்னார்வலரிடமோ பெயர்களைக் கொடுங்கள். வீட்டில் அளந்த எண் திரும்பி வந்தால் அதை எழுதி அட்டையை நகர்த்துங்கள். ஒருவர் இறந்துவிட்டார், வெளியூர் போய்விட்டார் என்றால் அதையும் எழுதி வெளியே எடுங்கள். இல்லையென்றால் ஓராண்டில் பெட்டி முழுவதும் இல்லாதவர்களின் அட்டைகளாக இருக்கும்.

இதை எல்லா துணை சுகாதார நிலையங்களிலும் ஒரே நாளில் தொடங்காதீர்கள். ஒரே ஒரு துணை நிலையத்தின் நோயாளிகள், ஒரே ஒரு சிகிச்சை நாள். முதல் வாரத்திலேயே ஏதாவது உடையும். அட்டையைத் தேட நேரம் பிடிக்கும், ஒரே பெயரில் நாலு முருகேசன்கள் இருப்பார்கள். தேடுவதற்கு நோயாளி கையில் இருக்கும் சீட்டில் எண்ணை எழுதிக்கொடுப்பதா, ஊர்வாரியாக நிறம் வைப்பதா என்பதைச் செவிலியர்களே முடிவு செய்யட்டும். உங்கள் வண்ண அட்டைக்கு அங்கே ஒரு வேலை கிடைத்தாலும் கிடைக்கும். தொடக்க விழா, பேனர், ரிப்பன் எல்லாம் வேண்டாம். படம் எடுத்தாகிவிட்டால் அதன் பிறகு அதைத் திருத்துவதற்கும் கைவிடுவதற்கும் யாருக்கும் மனம் வராது.

வேலையைச் சுருக்கி எளிதாக்குவதற்கு நம் மாநிலத்திலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. காசநோய் இறப்புகளில் பெரும்பகுதி சிகிச்சை தொடங்கிய முதல் இரண்டு மாதங்களுக்குள் நிகழ்கிறது. நோய் உறுதியான அன்றே மிக மோசமான நிலையில் இருப்பவரை அடையாளம் கண்டு படுக்கையில் சேர்த்தால் பலரைக் காப்பாற்ற முடியும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இதற்கான தேசிய வழிகாட்டியின் மதிப்பீடு விரிவானது. ஆய்வகச் சோதனைகளையும் கேட்பது. மாலை நாலு மணிக்குக் கூட்டம் நிறைந்த நிலையத்தில் அதைச் செய்து முடிப்பது யாரால் ஆகும்? 2022 ஏப்ரலில் தொடங்கிய தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் அதைச் சுருக்கியது. உயரமும் எடையும், காலில் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா. அவ்வளவே. மூச்சு 24-க்கு மேல், ஆக்சிஜன் 94 சதவீதத்துக்குக் கீழ், உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ.) 14 அல்லது அதற்குக் கீழ், கால் வீக்கம் இருந்தால் 16 அல்லது அதற்குக் கீழ் என்று எல்லைகள் தெளிவாக இருந்தன. ஒரே தாள். மருத்துவர் வரும்வரை காத்திருக்காமல் களப்பணியாளரே செய்யக்கூடியது. வேண்டிய கருவிகளும் எளியவை: எடைக் கருவி, உயர அளவுகோல், கடிகாரம், கொரோனா காலத்துக்குப் பிறகு பரவலாகிவிட்ட ஆக்சிஜன் அளவி.

அந்தத் திட்டத்தில் நான் மிகவும் மதிப்பது அந்தத் தாளைக்கூட இல்லை, தாளுக்குப் பின்னால் இருந்த படுக்கையை. ‘இவர் ஆபத்தில் இருக்கிறார்’ என்று செவிலியர் கண்டுபிடித்தால், அவரை எங்கே அனுப்புவது, அங்கே யார் பொறுப்பு என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. கண்டுபிடித்தும் எதுவும் நடக்காவிட்டால், கண்டுபிடிப்பதைப் பணியாளர்கள் மெல்ல நிறுத்திவிடுவார்கள். உங்கள் பெட்டிக்கும் இது பொருந்தும். வராதவர் பட்டியலைக் கொண்டுபோகும் தன்னார்வலர் 180/110 என்ற எண்ணோடு திரும்பி வந்தால், அன்றே என்ன செய்ய வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறீர்களா? அது இல்லாமல் தொடங்க வேண்டாம்.

எதை அளப்பது என்பதில் ஒரு எச்சரிக்கை. ‘நினைவூட்டிய செய்திகள்’, ‘வழங்கிய அட்டைகள்’ என்பனவெல்லாம் நீங்கள் செய்த வேலையின் கணக்கு. உங்களுக்கு வேண்டியது, பதிவு செய்தவர்களில் எத்தனை பேருக்கு ரத்த அழுத்தம் 140/90-க்குக் கீழ் இருக்கிறது என்பது. ஜனவரி முதல் மார்ச் வரை பதிந்தவர்களை எடுத்துக்கொண்டு, ஆறு மாதம் கழித்து அவர்களுடைய கடைசி மூன்று மாத அளவைப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் வராதவர், அளவு கிடைக்காதவர் எல்லாரையும் ‘கட்டுக்குள் இல்லை’ என்றே கணக்கிடுங்கள். இது மனதுக்குக் கஷ்டமாக இருக்கும். வந்தவர்களை மட்டும் வைத்து வகுத்தால் எண் அழகாகத்தான் தெரியும், ஏனென்றால் மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறவர்களே ஒழுங்காக வருகிறார்கள். 2020-இல் தமிழ்நாடு முழுவதும் நடந்த தொற்றா நோய் ஆய்வில், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்களில் கட்டுக்குள் இருந்தவர்கள் 7.3 சதவீதம் மட்டுமே. கண்டறியப்படாதவர்களும் அதில் அடக்கம் என்பதால் உங்கள் நிலைய எண்ணோடு அதை நேராக ஒப்பிட முடியாது. ஆனாலும் உங்கள் பகுதியில் 80 சதவீதம் என்று ஒரு எண் வந்தால், மகிழ்வதற்கு முன் எதால் வகுத்தோம் என்று பாருங்கள்.

மாதத்துக்கு ஒரு எண், பெட்டியில் மிச்சமான அட்டைகளின் எண்ணிக்கை, சுவரில் இருக்கட்டும். மூன்று மாதத்தில் அது குறையாவிட்டால் முறையை மாற்றுங்கள் அல்லது நிறுத்துங்கள். நிறுத்தும் தேதியைத் தொடங்கும்போதே செவிலியர்களிடம் சொல்லிவிடுங்கள். ‘பலன் இல்லையென்றால் எடுத்துவிடுவோம்’ என்று ஒரு மருத்துவர் சொல்லி, சொன்னபடி எடுத்தும்விட்டால், அடுத்த முறை “இன்னொரு பதிவேடா?” என்ற குரல் கொஞ்சம் தணியும்.

செயலி இப்போது வேண்டாம். செயலிகள் மீது எனக்கு வெறுப்பு இல்லை. முன்பு சொன்ன ரத்த அழுத்தத் திட்டத்தில் பயன்பட்ட செயலியில் ஒரு வருகையைப் பதிய அரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது. அது ஓடியதற்குக் காரணம், மருந்தும் நெறிமுறையும் ஆளும் அதன் அடியில் இருந்தார்கள். உங்கள் ஊர்க்காரப் பையன் நட்புக்காகச் செய்துகொடுக்கும் செயலியை அவன் வேறு வேலைக்குப் போன பிறகு யார் பார்ப்பார்கள்? வாட்ஸ்அப்பிலும் கவனம் வேண்டும். ஒருவருக்கு ஒருவர் அனுப்பும் நினைவூட்டல் வேறு. வராதவர்களின் பெயர், நோய், அலைபேசி எண் எல்லாம் சேர்ந்த பட்டியலைப் பணியாளர் குழுவில் படமெடுத்துப் போடுவது வேறு. இரண்டாவதைச் செய்யாதீர்கள்.

அனுமதி பற்றி: அட்டையை எந்தப் பெட்டியில் அடுக்குவது என்பதற்கு அரசாணை தேவையில்லை. ஆனால் வட்டார மருத்துவ அலுவலரிடம் முன்பே சொல்லிவிடுங்கள், எழுத்திலும் ஒரு வரி கொடுங்கள். மருந்தின் வகையையோ அளவையோ மாற்றும் எதற்கும், நோயாளிகளின் விவரத்தை வெளியே கொண்டுபோகும் எதற்கும், ஆய்வாக எழுதி வெளியிட நினைக்கும் எதற்கும் முறையான ஒப்புதல் வேண்டும். ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் சேர்த்து. பெட்டி, அட்டை போன்ற சில்லறைச் செலவுக்கு நோயாளர் நலச் சங்க நிதியைக் கேட்கலாம்.

கடைசியாக மாறுதல். உத்தரப் பிரதேசத்தில் 120 பிரசவ நிலையங்களில் நடந்து 2017-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்றைப் பாருங்கள். பிரசவ அறையில் செய்ய வேண்டியவற்றின் சரிபார்ப்புப் பட்டியலைக் கொடுத்து, பயிற்றுநர்களையும் அடிக்கடி அனுப்பினார்கள். இரண்டாம் மாதத்தில், செய்ய வேண்டியவற்றில் சுமார் 73 சதவீதத்தைப் பணியாளர்கள் செய்தார்கள். பயிற்றுநர்கள் வருவது நின்று சில மாதங்களில் அது சுமார் 62 ஆனது. பட்டியல் கிடைக்காத நிலையங்களில் இது 44 வரைதான் இருந்தது என்பதால், 62-உம் சாதனைதான். ஆனால் தாய்சேய் இறப்பில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. பட்டியலால் மட்டும் நிரப்ப முடியாத இடைவெளிகள், ஆள், திறமை, மேல்சிகிச்சைக்கு அனுப்பும் வசதி போன்றவை, அப்படியே இருந்தன என்றே நான் இதைப் படிக்கிறேன்.

நீங்கள்தான் உங்கள் நிலையத்தின் பயிற்றுநர், நீங்கள் ஒருநாள் போய்விடுவீர்கள். ஆகவே இந்த வேலைக்கு முதல் நாளிலிருந்தே தலைவர் நீங்களாக இருக்கக் கூடாது. தொற்றா நோய்ப் பிரிவு செவிலியரோ, நெடுநாளாக அங்கேயே இருக்கும் மருந்தாளுநரோ பொறுப்பேற்கட்டும். மாதக் கூட்டத்தில் மிச்ச அட்டைகளின் எண்ணை அவரே சொல்லட்டும். முடிந்தால் இதை ஏற்கெனவே நடக்கும் ஒரு கட்டாய வேலையோடு பிணைத்துவிடுங்கள். அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்கித் தரும் தமிழ்நாடு மருத்துவ சேவைக் கழகம் 1995-இல் இயங்கத் தொடங்கியபோது ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தது. ஒதுக்கீடு எவ்வளவு, எடுத்த மருந்து எவ்வளவு, மீதி எவ்வளவு என்று அதில் இருந்தது. அது இல்லாமல் மாவட்டக் கிடங்கிலிருந்து மருந்து எடுக்க முடியாது என்று இருந்தது. அதனால் எத்தனை மருத்துவ அலுவலர்கள் மாறினாலும் பாஸ்புக் மாறவில்லை. உங்கள் நிலையத்தில் அதற்கு இணையான இடம் மருந்து கொடுக்கும் ஜன்னல். அட்டையில் அன்றைய ரத்த அழுத்தம் எழுதப்பட்டிருப்பதைப் பார்த்த பிறகே மருந்தாளுநர் அடுத்த மாதத்துக்கான மாத்திரையைக் கொடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். எழுதியிராவிட்டால் மாத்திரையை மறுக்கக் கூடாது. அங்கேயே பக்கத்தில் ஒரு கருவியை வைத்து அளந்து, எழுதி, கொடுத்தனுப்ப வேண்டும்.