தலைப்பிரசவம்: எப்போது கிளம்புவது, உள்ளே என்ன நடக்கும்?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் வட்டாரத்திலிருந்தும் பிற ஊர்களிலிருந்தும் வந்த கேள்விகளில் பிரசவ அறையைப் பற்றியவையே இம்முறை அதிகம். பிரசவப் பணியில் இருக்கும் செவிலியரும் மருத்துவரும் அடங்கிய எங்கள் குழு பதில் சொல்கிறது.

எனக்கு 38 வாரம். ராத்திரி வலி எடுத்து மருத்துவமனைக்குப் போனோம். "இரண்டு சென்டிமீட்டர்தான் திறந்திருக்கிறது" என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படுக்கை இல்லையென்று விரட்டினார்களா?
– வாசகி, சாட்ஸ்வர்த்

அப்படி நினைக்க வேண்டாம் அம்மா. கர்ப்பப்பை வாய் 10 சென்டிமீட்டர் வரை திறந்தால்தான் பிள்ளை இறங்கும். முதல் ஐந்து சென்டிமீட்டர் மிக மெதுவாக நடக்கும். தலைப்பிரசவத்தில் அதற்கே ஒரு நாள்கூட ஆகலாம். ஐந்தைத் தாண்டிய பிறகுதான் வேகம் பிடிக்கிறது என்று உலக சுகாதார நிறுவனமும் 2018இல் வரையறுத்தது. சீக்கிரமே படுக்கையில் போட்டால் "வலி முன்னேறவில்லை" என்று பெயராகி, வலியைக் கூட்டும் ஊசியும் சிசேரியனும் தேவையில்லாமலே வந்து சேரும்.

சூட்டு வலி நடந்தாலோ வெந்நீரில் குளித்தாலோ அடங்கிவிடும். பிரசவ வலி அடங்காது. இடுப்பிலிருந்து அடிவயிற்றுக்குச் சுற்றி வரும், இடைவெளி குறைந்துகொண்டே போகும். ஒரு வலி தொடங்கும் நேரத்திலிருந்து அடுத்தது தொடங்கும் நேரம் வரை கணக்கிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு நிமிடம், இப்படியே ஒரு மணி நேரம் விடாமல் வந்தால் கிளம்பலாம். வீடு தூரமென்றால், அல்லது ராத்திரியில் வண்டி கிடைப்பது கஷ்டமென்றால், இன்னும் முன்பே கிளம்புங்கள்.

அதுவரை ரசம் சாதமோ கஞ்சியோ கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடுங்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழியுங்கள். நிறைந்த மூத்திரப்பை பிள்ளையின் தலை இறங்குவதைத் தடுக்கும். வலி இல்லாத நேரத்தில் கண்ணை மூடிப் படுங்கள்.

கணக்குப் பார்க்காமல் உடனே போக வேண்டியவையும் உண்டு. பனிக்குடம் உடைந்தால் வலி வராவிட்டாலும் போக வேண்டும். உடைந்த நேரத்தைக் குறித்து, பேட் வைத்து நீரின் நிறத்தைப் பாருங்கள். பச்சையாக இருந்தால் பிள்ளை உள்ளேயே மலம் கழித்திருக்கிறது, அதை முதலில் சொல்லுங்கள். மாதவிடாய்போல ரத்தப்போக்கு, பிள்ளையின் அசைவு குறைவது, விடாத தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி இவற்றுக்கும் காத்திருக்கக் கூடாது. கடைசி மூன்றும் ரத்த அழுத்தம் ஏறியதன் அடையாளம். 140/90 தொட்டாலே கவனிக்க வேண்டும், வலிப்பு வரை போகலாம். ஆம்புலன்சுக்கு 10177, கைபேசியிலிருந்து 112.

பையில் என்ன வைக்க வேண்டும்?
– வாசகி, டொங்காட்

எல்லாவற்றுக்கும் முன்னால் கிளினிக்கில் தந்த கர்ப்பப் பதிவேடு. உங்கள் ரத்த வகை, ஹெச்ஐவி பரிசோதனை, ஸ்கேன், ரத்த அழுத்தம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. அது இல்லாமல் போனால் உங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் கையில் பிரசவம் நடக்கும். பிறகு அடையாள அட்டை, பிரசவ பேட் இரண்டு பாக்கெட், பெரிய உள்ளாடை, முன்பக்கம் திறக்கும் நைட்டி, துண்டு, சோப்பு. பிள்ளைக்கு நாப்கின், தொப்பி, காலுறை, இரண்டு மூன்று உடுப்பு, கனமான போர்வை. அரசு மருத்துவமனையில் இவை கிடைக்கும் என்று நம்பிப் போகாதீர்கள். நகையைக் கழற்றி வீட்டில் வைத்துவிடுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வந்து ஒரு வருஷம் ஆகிறது. அரசு மருத்துவமனையில் செலவு எவ்வளவு? பெரிய ஆஸ்பத்திரிக்கே நேராகப் போகலாமா?
– வாசகி, பீனிக்ஸ்

மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் உறுப்பினராக இல்லையென்றால் கர்ப்பகாலச் சிகிச்சையும் பிரசவமும் இலவசம்; 1994 முதல் நடைமுறை அதுதான். பக்கத்துக் கிளினிக்கில் 20 வாரத்துக்கு முன்பே பதிந்துகொள்ளுங்கள், எட்டு முறை பரிசோதனை நடக்கும். சிக்கல் இருந்தால் அவர்களே உங்கள் பகுதி மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார்கள். கேட்டோ மேனரில் உள்ள ஆல்பர்ட் லுத்துலி மருத்துவமனைக்குப் பரிந்துரை இல்லாமல் போனால் பார்க்க மாட்டார்கள். பிரசவ வலியோடு அங்கே போய் நேரத்தை இழக்க வேண்டாம்.

பிரசவ அறைக்குள் என்னென்ன செய்வார்கள்? யாரும் விளக்கிச் சொல்லவில்லை, பயமாக இருக்கிறது.
– வாசகி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்

பாதி பயம் தெரியாததால் வருவது. கேட்டது நல்லது.

செவிலியர் ஒரு வரைபடத் தாளில் எழுதிக்கொண்டே இருப்பார். கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்தது, தலை எவ்வளவு இறங்கியது, பத்து நிமிடத்தில் எத்தனை வலி, உங்கள் ரத்த அழுத்தம் எல்லாம் அதில் ஏறும். பிள்ளையின் இதயத் துடிப்பை அரை மணிக்கொரு முறை கேட்பார்கள். நிமிடத்துக்கு 110 முதல் 160 வரை சரி. வலி முடிந்த பிறகும் துடிப்பு இறங்கியே இருந்தால் பிள்ளைக்கு ஆக்சிஜன் போதவில்லை என்று சந்தேகிப்பார்கள். உள்பரிசோதனை சில மணி நேரத்துக்கு ஒரு முறை. "எத்தனை சென்டிமீட்டர் சிஸ்டர், பிள்ளை துடிப்பு எப்படி?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள். பதில் சொல்வது அவர்கள் கடமை.

மல்லாந்து படுக்காதீர்கள். கர்ப்பப்பை பெரிய ரத்தக் குழாயை அழுத்தி, உங்களுக்கு மயக்கமும் பிள்ளைக்கு ரத்தக் குறைவும் வரும். இடது பக்கம் சாய்ந்து படுங்கள், முடிந்தால் நில்லுங்கள், நடங்கள்.

வலி குறைக்க வாயு தந்தால், வலி உச்சத்துக்குப் போன பிறகு இழுத்துப் பயனில்லை. வேலை செய்ய அரை நிமிடமாவது ஆகும், அதனால் வலி தொடங்கும்போதே முகமூடியை வைத்து ஆழமாக இழுங்கள். பெத்திடின் என்ற வலி குறைக்கும் ஊசியைப் பிரசவம் நெருங்கும்போது தரத் தயங்குவார்கள். பிள்ளை மயக்கமாகப் பிறந்து மூச்சு விடத் திணறும். முதுகில் போடும் எபிடூரலுக்கு மயக்க மருத்துவர் வேண்டும், அரசு மருத்துவமனையில் பெரும்பாலும் கிடைக்காது.

எட்டு சென்டிமீட்டரிலேயே முக்கத் தோன்றும். அப்போது முக்கினால் கர்ப்பப்பை வாய் வீங்கி, இறங்கிய பிள்ளை அங்கேயே நிற்கும். வாயைக் குவித்து ஊதி ஊதி மூச்சு விட்டுச் சமாளியுங்கள். "முழுக்கத் திறந்துவிட்டது" என்று சொன்ன பிறகு, வலி வரும்போது மட்டும் முக்குங்கள். தலை வெளியே வரும் நேரத்தில் "முக்காதே" என்பார்கள். அந்தச் சில நொடி கேட்டு நடந்தால் கிழிசல் குறையும். கீழே வெட்டுவது எல்லோருக்கும் தேவையில்லை; வெட்டினாலும் தைத்தாலும் மரத்துப்போக ஊசி போட்ட பிறகுதான்.

பிள்ளை பிறந்த ஒரு நிமிடத்துக்குள் உங்களுக்கு ஆக்சிடோசின் 10 யூனிட் ஊசி. கர்ப்பப்பை இறுகி ரத்தப்போக்கைத் தடுப்பது அதுதான். தொப்புள்கொடியை ஒன்று முதல் மூன்று நிமிடம் பொறுத்து வெட்டினால் பிள்ளைக்கு இரும்புச்சத்து கூடும். நஞ்சுக்கொடி அரை மணி நேரத்தில் வெளியேற வேண்டும். பிள்ளையைத் துடைத்து உங்கள் வெறும் மார்பில் போடச் சொல்லிக் கேளுங்கள். அந்த ஒரு மணி நேரத்துக்குள் பால் குடிக்கட்டும். வைட்டமின் கே 1 மில்லிகிராம் ஊசி, கண்ணுக்குக் களிம்பு, வலது கையில் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜி, வாயில் போலியோ சொட்டு இவையும் வீட்டுக்குப் போகுமுன் முடியும். சில வாரத்தில் பிசிஜி போட்ட இடத்தில் கொப்புளம் வந்து உடையும். பிழியாதீர்கள், மருந்தும் போடாதீர்கள்.

மாமியார் சீம்பாலைப் பீய்ச்சிவிட்டு, தேனும் சர்க்கரைத் தண்ணீரும் தொட்டு வைக்கச் சொல்கிறார். எதிர்த்துப் பேச முடியவில்லை.
– வாசகி, வெருலம்

இதை உங்கள் மாமியாரே படிக்கட்டும். அம்மா, உங்கள் பேரப்பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்து அந்த மஞ்சள் சீம்பால்தான். முதல் நாள் பிள்ளையின் வயிற்றுக்கு ஒரு தடவைக்கு ஒரு தேக்கரண்டி அளவே போதும். "பால் ஊறவில்லை" என்று யாரும் பயப்பட வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமி ஒரு வயது வரை பிள்ளையின் நரம்பைத் தளர்த்தி மூச்சையே நிறுத்தலாம், தொட்டு வைக்கவும் கூடாது. குளிப்பாட்டுவதை 24 மணி நேரம் தள்ளிப் போடுங்கள், உடம்பு சில்லிட்டுவிடும். தொப்புளில் மஞ்சளும் சாம்பலும் வேண்டாம்.

பத்தியத்தில் பூண்டு, மிளகு, மீன், உளுந்து எல்லாம் நல்லது, தாராளமாகச் சமைத்துக் கொடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள். பச்சை உடம்புக்காரி தாகத்துக்கு வேண்டிய மட்டும் குடிக்க வேண்டும். குறைத்தால் மலச்சிக்கலும் தையல் வலியும்தான் மிச்சம்.

பதினாறாம் நாள்தான் பெயர் வைப்போம். பிறப்புப் பதிவுக்கு நேரம் இருக்கிறதா? சம்பள விடுப்பு?
– வாசகர், லெனேசியா

பிறந்த 30 நாளுக்குள் உள்துறை அலுவலகத்தில் பதிய வேண்டும், நேரம் போதும். மருத்துவமனை தரும் பிறப்புச் சான்றுத் தாளைப் பத்திரமாக வையுங்கள். பெற்றோரில் தாய் மட்டும் வேலைக்குப் போனால் தொடர்ந்து நான்கு மாத விடுப்பு சட்டப்படி உண்டு; இருவரும் வேலைக்குப் போனால், 2025 அக்டோபரில் வந்த அரசியல் சாசன நீதிமன்றத் தீர்ப்பின்படி மொத்தம் நான்கு மாதமும் பத்து நாளும் இருவரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். முதலாளி சம்பளம் தரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை; யுஐஎஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து 17.32 வாரம் வரை சம்பளத்தில் 66 விழுக்காடு, உச்சவரம்புக்கு உட்பட்டு, கேட்டுப் பெறலாம்.

மனைவியை வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டேன். எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சாட்ஸ்வர்த்

சுகப்பிரசவமென்றால் ஆறு மணி நேரத்திலேயே அனுப்பிவிடுவார்கள், ஆபத்தின் பாதி வீட்டில்தான் தெரியவரும். ஒரு மணி நேரத்தில் ஒரு பேட் முழுக்க நனைந்தால், காய்ச்சல் வந்தால், வெளியேறுவது நாற்றமடித்தால், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், தலைவலியோடு கண் மங்கினால் உடனே திரும்பிப் போங்கள். ரத்த அழுத்தம் பிரசவத்துக்குப் பிறகும் ஏறும். பிள்ளை பால் குடிக்க மறுத்தாலோ, முதல் 24 மணி நேரத்தில் மஞ்சள் பூத்தாலோ அன்றைக்கே காட்டுங்கள். இரண்டு வாரம் தாண்டியும் அழுகையும் தூக்கமின்மையும் நீடித்தால், "தலைப்பிள்ளைக்காரி, போகப் போகச் சரியாகும்" என்று விட்டுவிடாமல் கிளினிக்கில் சொல்லுங்கள். மூன்றிலிருந்து ஆறாம் நாளுக்குள் ஒரு முறையும், ஆறாவது வாரம் ஒரு முறையும் தாயையும் பிள்ளையையும் சேர்த்துக் காட்ட வேண்டும். பிள்ளையின் தடுப்பூசிக் கையேட்டை இரண்டு தடவையும் கொண்டு போங்கள்.