பழைய தமிழ்ப் பாட்டு கேட்பவர் எந்தச் செயலிக்குச் சந்தா கட்டலாம்?

கேள்வி: ஸ்பாட்டிஃபை, யூடியூப் மியூசிக், ஆப்பிள் மியூசிக், ஜியோசாவன் ஆகியவற்றில் எது நல்லது? நான் பெரும்பாலும் தமிழ்ப் பாட்டுதான் கேட்பேன், அதிலும் பழையது.

நான் சந்தா கட்டுவது யூடியூப் மியூசிக்குக்கு. ஒலித்தரத்தைப் பார்த்து எடுத்த முடிவு இல்லை. எனக்கு வேண்டிய பழைய பாட்டு அதில்தான் அதிகம் கிடைக்கிறது.

புதுப்படப் பாட்டு மட்டும் கேட்பவராக இருந்தால் இவ்வளவு யோசிக்கவே வேண்டாம். பெரிய படங்களின் பாடல்கள் அநேகமாக எல்லாச் செயலிகளிலும் ஒரே சமயத்தில் வந்துவிடுகின்றன. எது மலிவோ, வீட்டில் ஏற்கெனவே யார் குடும்பச் சந்தா வைத்திருக்கிறார்களோ, அதில் சேர்ந்துவிடலாம். சிக்கல் பழைய பாட்டில்தான் இருக்கிறது. எந்தப் பாட்டின் உரிமை எந்த நிறுவனத்திடம் இருக்கிறது, அந்த நிறுவனம் எந்தச் செயலியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது என்பதுதான் அங்கே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது.

எம்.எஸ். விஸ்வநாதன், கே.வி. மகாதேவன் காலத்துப் பாடல்களில் பெரும்பகுதி எச்.எம்.வி. இசைத்தட்டுகளாக வந்தவை. அந்த நிறுவனம்தான் இன்றைய சரிகம. ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019 பிப்ரவரியில், ஆனால் சரிகமவுடன் உடன்பாடு ஏற்பட்டது 2020-ல்தான். அதற்கு முன் ஓராண்டுக்கும் மேலாக டி.எம். சௌந்தரராஜனும் பி. சுசீலாவும் பாடியவற்றில் பெரும்பகுதியை அதில் கேட்க வழியில்லை. 2023 மார்ச்சில் ஜீ மியூசிக் என்ற இசை நிறுவனத்தோடு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாததால் ஏராளமான இந்திப் பாடல்கள் ஸ்பாட்டிஃபையிலிருந்து நீங்கின. ஆகவே ‘பத்துக் கோடிப் பாட்டு இருக்கிறது’ என்ற விளம்பரத்தை நான் கணக்கில் எடுப்பதே இல்லை. நமக்கு வேண்டிய நூறு பாட்டு இருக்கிறதா என்பதுதான் பேச்சு.

எண்பதுகளுக்கு வந்தால் இன்னும் குழப்பம். கேசட் காலத்தில் பல நிறுவனங்கள் பாடல்களை வெளியிட்டன, உரிமைகள் கைமாறின. இளையராஜா பாடல்களின் உரிமை குறித்த வழக்குகள் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஒரே பாட்டு நான்கைந்து தொகுப்புகளில் வெவ்வேறு அட்டைப்படத்தோடு கிடக்கும். அதே படத்தின் இன்னொரு பாட்டு எங்குமே இருக்காது.

யூடியூப் மியூசிக் இங்கேதான் உதவுகிறது. நிறுவனங்கள் கொடுத்த பாடல்களோடு, யூடியூபில் ஆட்கள் ஏற்றிவைத்தவையும் அதில் வருகின்றன. பழைய சபா கச்சேரிப் பதிவு, வானொலியிலிருந்து பிடித்தது, கோவில் திருவிழா நாதஸ்வரம், வில்லுப்பாட்டு எல்லாம் அப்படித்தான் எனக்குக் கிடைத்தன. பாட்டின் முதல் வரி மறந்து நடுவில் ஒரு வரி மட்டும் நினைவிருந்தாலும், தமிழ் எழுத்தில் தட்டினால் பெரும்பாலும் எடுத்துக் கொடுத்துவிடுகிறது. அப்புறம், நம்மிடம் உள்ள எம்பி3 கோப்புகளை ஒரு லட்சம் வரை அதில் ஏற்றி வைக்கலாம். வீட்டுக் கேசட்டுகளை மாற்றி வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய வசதி. ஆப்பிள் மியூசிக்கிலும் சொந்தக் கோப்புகளைச் சேர்க்கலாம்.

இலவசமாகக் கேட்டால் கைப்பேசித் திரையை அணைத்ததும் யூடியூப் மியூசிக் நின்றுவிடும். காசு கட்டாமலே கேட்க வேண்டும் என்றால் ஸ்பாட்டிஃபையும் ஜியோசாவனும் மேல்.

எந்தச் செயலியுமே சரியாகச் செய்யாத ஒன்று இருக்கிறது, அதில் எனக்கு நிஜமான வருத்தம் உண்டு. நம் சினிமாப் பாட்டில் குறைந்தது மூன்று பேருக்குப் பங்கு உண்டு: எழுதியவர், இசையமைத்தவர், பாடியவர். இந்தச் செயலிகளோ ‘ஆர்ட்டிஸ்ட்’ என்று ஒரு கட்டத்தை வைத்துக்கொண்டு, இசையமைப்பாளரையும் பாடகரையும் அதில் சேர்த்துப் போடுகின்றன. பாடலாசிரியர் எங்கோ உள்ளே இருப்பார், பல பழைய பாடல்களுக்கு அங்கேயும் இருக்க மாட்டார். இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் படம், பாடியவர், எழுதியவர், இசை என்று சொல்லிப் பாட்டுப் போட்ட பழக்கத்தில்தான் நம்மில் பலருக்கு மருதகாசி, கண்ணதாசன், வாலி பாடல்களைப் பிரித்தறியத் தெரிந்தது. இன்று வாலி எழுதியவற்றை மட்டும் வரிசையாகக் கேட்க ஆசைப்பட்டால் யாராவது கையால் தொகுத்த பட்டியலைத் தேட வேண்டியிருக்கிறது. நான் பார்த்த அளவில் ஜியோசாவனில் மட்டும் பாடலாசிரியர் பெயர் கொஞ்சம் கூடுதலாகக் கண்ணில் படுகிறது.

ஆண்டு விவரமும் அப்படித்தான். அறுபதுகளில் வந்த பாட்டுக்கு அதைத் தொகுப்பாக வெளியிட்ட ஆண்டைப் போட்டிருப்பார்கள். ஒரே பாடகி இரண்டு மூன்று ஆங்கில எழுத்துக்கூட்டலில் தனித்தனி ஆளாக நிற்பார். சந்தாப் பணம் வாங்குபவர்கள் இதையெல்லாம் திருத்தத்தான் வேண்டும். தவறைக் கண்டால் செயலியின் உதவிப் பக்கத்தில் எழுதிப் போடுங்கள், நானும் எழுதுகிறேன்.

ஒலித்தரம் பற்றியும் எல்லோரும் கேட்கிறார்கள். காசு கட்டினால் ஸ்பாட்டிஃபையின் ஸ்டாண்டர்ட் சந்தாவும் ஜியோசாவனும் 320 கேபிபிஎஸ் (நொடிக்கு எத்தனை கிலோபிட் ஒலித்தகவல் என்ற அளவு) வரை தருகின்றன, யூடியூப் மியூசிக் 256 தருகிறது. ஆப்பிள் 2021 முதல் லாஸ்லெஸ் (ஒலித்தகவல் எதையும் இழக்காத) தரத்தைக் கூடுதல் கட்டணம் இல்லாமல் கொடுக்கிறது. கம்பியுள்ள நல்ல ஹெட்போனோ வீட்டில் நல்ல ஸ்பீக்கரோ இருந்தால் ஆப்பிளுக்கே போங்கள். சாதாரண புளூடூத் இயர்பட்ஸ் ஒலியை மறுபடி சுருக்கித்தான் அனுப்பும், லாஸ்லெஸ் அதில் வீண். அதோடு, பழைய மோனோ (ஒரே தடத்தில் பதிந்த) பதிவுகளில் கேபிபிஎஸ்ஸைவிட எந்தப் பிரதி என்பதே முக்கியம். எதிரொலி கூட்டிப் போலி ஸ்டீரியோவாக்கிய பிரதி எத்தனை கேபிபிஎஸ்ஸில் வந்தாலும் காதுக்கு உறுத்தும். டேட்டா கணக்கும் சொல்லிவிடுகிறேன்: 320-ல் ஒரு மணி நேரம் கேட்டால் சுமார் 144 எம்பி போகும்.

புதிதாக யாரையாவது கண்டுபிடிக்க வேண்டும் என்றால் ஸ்பாட்டிஃபைதான். தமிழில் சினிமாவுக்கு வெளியே பாடும் பலரை நான் அதன் பரிந்துரைகளில்தான் முதலில் கேட்டேன். யூடியூப் மியூசிக் நான் நேற்று கேட்டதையே இன்றும் நீட்டுகிறது.

எதை எடுத்தாலும் முழு ஆண்டுக்கும் முதலிலேயே பணம் கட்டாதீர்கள். ரெஸ்ஸோ என்ற பாட்டுச் செயலி 2024 ஜனவரியில் இந்தியாவில் மூடப்பட்டது, அதே ஆண்டு ஏர்டெல் தன் விங்க் மியூசிக் செயலியை மூடியது. கானா செயலி 2022-ல் இலவசச் சேவையை நிறுத்திச் சந்தாவுக்கு மாறியது. முதலில் ஒரு மாதம் கட்டி, உங்களுக்கு மிகவும் பிடித்த, எளிதில் கிடைக்காத பாட்டுகளைத் தேடிப் பாருங்கள். பிறகு வேறு செயலிக்குப் பட்டியலை மாற்ற வேண்டி வந்தால் சவுண்டீஸ், டியூன்மைமியூசிக் போன்ற தளங்கள் இருக்கின்றன. அவை பெயரை வைத்துப் பொருத்துவதால் பழைய பாட்டுக்குப் பதில் கரோக்கியோ வேறு யாரோ பாடியதோ வந்து உட்காரும். ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்த பிறகே பழைய சந்தாவை நிறுத்துங்கள்.