கதைப் புத்தகங்களில் வரும் ஆண் பெண் வேறுபாடு குழந்தைகள் மனதில் பதியுமா?

பதியும். என் மகள் கேட்ட ஒரு கேள்வியில்தான் எனக்கு அது புரிந்தது.

அவளுக்கு ஏழு வயது. மதுரை நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. அங்கே ஒரு படக்கதையை எழுத்துக்கூட்டி வாசித்தாள். "அம்மா தோசை சுட்டாள். அப்பா பேப்பர் படித்தார்." உடனே நிமிர்ந்து, "ஏம்ப்பா, மிஸ்ஸுக்கு 'வந்தார்'னு எழுதணும்ங்கிறாங்க, அம்மாவுக்கு மட்டும் ஏன் 'சுட்டாள்'னு போட்ருக்கு?" என்றாள்.

எத்தனையோ வருடமாக இதே மாதிரி வரிகளை வாசித்தவன் நான். ஒருநாளும் உறுத்தியதில்லை.

யார் அடுப்படியில் நிற்கிறார், யார் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார் என்பதைப் படம் சொல்லிவிடும். அதைப் பலர் இப்போது கவனிக்கிறார்கள். கேரளத்தில் 2024-இல் மூன்றாம் வகுப்புப் பாடநூலில் அப்பா தேங்காய் துருவும் படமே வந்துவிட்டது. ஆனால் தமிழில் வினைமுற்றின் கடைசி எழுத்தும் கதை சொல்கிறது. ஒருவருக்கு 'ர்', இன்னொருவருக்கு 'ள்'. படத்தை மாற்றிவிட்டு இதை அப்படியே விட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது.

"மீனாட்சியையே 'வந்தாள்' என்கிறோமே, அதில் என்ன மரியாதைக் குறைவு?" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் சொக்கநாதரையும் 'ஆலவாயான்' என்றுதான் சம்பந்தர் பாடுகிறார். அங்கே இரண்டு பேரிடமும் ஒரே உரிமை. கதைப் புத்தகத்தில் அப்பாவை யாரும் 'படித்தான்' என்று எழுதுவதில்லையே. எங்கள் பக்கத்துப் பேச்சில் 'அம்மா சொல்லுச்சு' என்போம். அது பாசம்தான். ஆனாலும் அப்பாவுக்கு அங்கேயும் 'சொன்னாரு'தான்.

மீனாட்சி என்றதும் இன்னொன்று. மலையத்துவச பாண்டியன் தன் மகள் தடாதகையை, அதாவது மீனாட்சியை, போர்க்கலை கற்பித்து வளர்த்தான், முடிசூடி அவர் திக்விஜயம் போனார் என்பது புராணம். சித்திரைத் திருவிழாவில் பட்டாபிஷேகத்தன்று செங்கோல் அம்மன் கைக்குத்தான் வருகிறது. இந்த ஊர்க் குழந்தைக்குக் கதை சொல்லும்போது நேராகத் திருக்கல்யாணத்துக்குப் போய்விடாதீர்கள். செங்கோலில் கொஞ்சம் நில்லுங்கள்.

வடை சுட்ட பாட்டியும் அப்படித்தான். அந்த வயதில் தனியாகக் கடை போட்டுப் பிழைத்தவர். நான் இப்போது "பாட்டி வடை சுட்டார்" என்றுதான் சொல்கிறேன். முதல் இரண்டு நாள் எனக்கே நாக்கு இடறியது. மகளுக்கு இடறவில்லை.