பூஞ்சை மரபியல் என்றால் என்ன? பூஞ்சை நோய்களை ஆராய்பவர்களுக்கு அது ஏன் தேவைப்படுகிறது?

ஒரு பூஞ்சையின் எந்த மரபணு எந்த வேலையைச் செய்கிறது, அது மாறினால் பூஞ்சையின் குணம் எப்படி மாறுகிறது என்று ஆராயும் துறையே பூஞ்சை மரபியல். விஞ்ஞானிகளான ஜார்ஜ் பீடிலும் எட்வர்ட் டேட்டமும், ரொட்டியில் ஆரஞ்சு நிறத்தில் படரும் நியூரோஸ்போரா பூஞ்சையின் மீது எக்ஸ் கதிர்களைப் பாய்ச்சி, அதன் முடிவுகளை 1941-இல் வெளியிட்டனர். கதிர்பட்டவற்றுள் ஒரு வகை, வைட்டமின் பி6 சேர்த்துக் கொடுத்தால்தான் வளர்ந்தது; ஒரு மரபணு பழுதானதால், அந்த வைட்டமினைத் தானே தயாரிக்கும் திறனை அது இழந்திருந்தது.

நோய்க்கு வருவோம். பரிணாம வழியில் பூஞ்சைகள் தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருங்கியவை (கேட்பவர்கள் எளிதில் நம்புவதில்லை). ஆகவே நம் செல்லுக்குத் தீங்கில்லாமல் பூஞ்சையின் செல்லை மட்டும் தாக்குவதற்கான இடங்கள் மிகக் குறைவு. அவற்றுள் ஒன்று, நம் செல் சவ்வில் கொலஸ்ட்ரால் இருக்கும் இடத்தில் பூஞ்சைக்கு இருக்கும் எர்கோஸ்டெரால். ஃபுளூகோனசோல் மருந்து, எர்கோஸ்டெராலைத் தயாரிக்க உதவும் ஒரு நொதியில் ஒட்டிக்கொண்டு அதன் வேலையைத் தடுக்கிறது. அந்த நொதிக்கான மரபணுவில் சிறு மாற்றம் நேர்ந்தாலும், பூட்டின் உட்புறம் லேசாக நெளிந்தபின் பழைய சாவி சரியாகப் பொருந்தாததைப் போல, மருந்தின் பிடி தளர்ந்துவிடலாம்.

இப்படி மருந்து பலிக்காமல் போகும்போது, நோயாளியின் உடல்தான் மருந்துக்குப் பழகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே மாறியிருப்பது உடல் அல்ல, பூஞ்சை.