பாதியில் நின்ற போர்வையை எந்த அளவில் முடிப்பது?

கேள்வி: மகள் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த காலத்தில், இரட்டைக் கட்டிலுக்கென ஒட்டுத்துணிப் போர்வை ஒன்றைத் தைக்கத் தொடங்கினேன். ஒன்பது துண்டுகளை இணைத்த சதுரங்கள் 42 வேண்டும் என்று கணக்குப் போட்டேன். 19 முடிந்ததோடு வேலை நின்றுவிட்டது. அவற்றுள் ஏழு, என் அம்மா மும்பையில் வந்து தங்கியிருந்தபோது தன் பழைய சுங்குடிப் புடவைகளை வெட்டிக் கையாலேயே தைத்துக் கொடுத்தவை. அம்மா இப்போது இல்லை. சதுரங்கள் பதினொன்றே முக்கால் அங்குலத்திலிருந்து பன்னிரண்டரை அங்குலம் வரை ஏறுக்குமாறாக இருக்கின்றன. ஓரத்துக்கு வாங்கிய பீச் நிற சாட்டின் இன்று எனக்குப் பிடிக்கவில்லை. மகள் புனேயில் வேலை பார்க்கிறாள். ஒற்றைக் கட்டில்தான் வைத்திருக்கிறாள். எல்லாவற்றையும் பிரித்து முதலிலிருந்து தைக்கலாமா, அல்லது மூட்டையோடு யாருக்காவது கொடுத்துவிடலாமா?
– வாசகி, செம்பூர், மும்பை

பதில்: அன்புள்ள சகோதரி, பிரிக்கவும் வேண்டாம், கொடுத்துவிடவும் வேண்டாம். பழைய பருத்தியில் தையலைப் பிரித்தால் ஊசித் துளைகள் அப்படியே நிற்கும். ஓரம் நூல் நூலாகப் பிரியும். மறுபடி தைக்கும்போது ஒவ்வொரு துண்டும் இன்னும் சிறுத்துப்போகும். இத்தனை ஆண்டுகளாக உங்களை மலைக்க வைத்திருப்பது மீதமுள்ள 23 சதுரங்கள் என்ற கணக்குத்தான் என்று உங்கள் கடிதத்தைப் படிக்கும்போது தோன்றுகிறது. அந்தக் கணக்கைக் கைவிடுங்கள். மகளிடம் இருப்பது ஒற்றைக் கட்டில் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அதற்கு 20 சதுரங்கள் போதும், கையில் 19 இருக்கின்றன.

அளவு ஏறுக்குமாறாக இருப்பதற்கும், சாட்டினுக்குப் பதில் வேறு துணி தேடுவதற்கும் ஒரே வழியில் தீர்வு காணலாம். ஒவ்வொரு சதுரத்தின் நான்கு பக்கங்களிலும் இரண்டு அங்குல அகலமுள்ள ஒரே நிறப் பட்டையைச் சட்டம்போல வைத்து, கால் அங்குலம் உள்ளே தள்ளித் தையுங்கள். பிறகு, நடுப்பகுதி நடுவிலேயே இருக்குமாறு அளவுகோலை வைத்து, எல்லாவற்றையும் பதினான்கரை அங்குலச் சதுரமாக வெட்டிவிடுங்கள். உங்களிடம் உள்ள சின்னச் சதுரம்கூடப் பட்டை சேர்ந்தபின் பதினான்கே முக்கால் அங்குலம் வந்துவிடும் என்பதால் எதுவும் பற்றாமல் போகாது. தைத்து முடித்தபின், பெரிய சதுரத்தைச் சுற்றிச் சட்டம் ஒரு அங்குலமும், சிறியதைச் சுற்றி ஏறத்தாழ ஒன்றரை அங்குலமும் தெரியும். ஒரே நிறமாக இருப்பதால் அந்த வேறுபாடு கண்ணில் உறுத்தாது. நான்கு பத்திகள், ஐந்து வரிசைகளாக இணைத்தால் 56க்கு 70 அங்குலம் கிடைக்கும். அதே துணியில் நான்கு அங்குல ஓரம் வைத்தால் 64க்கு 78 ஆகும். மூன்றடி அகலமும் ஆறேகால் அடி நீளமும் உள்ள கட்டிலில் இருபுறமும் ஓர் அடிக்குச் சற்று மேலாகத் தொங்கும்.

சட்டத்தின் நிறத்தைக் கடைக்குப் போய்த் தீர்மானிக்காதீர்கள். வீட்டில் ஒரு சோதனை செய்துவிட்டுப் போங்கள். வெள்ளைக் கைக்குட்டையை நனைத்துப் பிழிந்து, ஒவ்வொரு சுங்குடித் துண்டின்மீதும் வைத்து, சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்துங்கள். அரக்கு, கரும்பச்சை போன்ற அழுத்தமான சாயங்கள் கைக்குட்டையில் ஒட்டவில்லையென்றால் காடாத் துணியே என் தேர்வு. சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளோடு அதன் பழுப்பு வெண்மை இணங்கிப்போகும். அழுத்தமான நிறங்களும் எடுப்பாகத் தெரியும். காடா நன்றாகச் சுருங்கும் துணி. வெந்நீரில் இரண்டு முறை அலசி, காயவைத்து, இஸ்திரி போட்ட பிறகே வெட்ட வேண்டும். மாறாக, கைக்குட்டையில் சாயம் இறங்கினால் வெளிர்நிறத்தை மறந்துவிட்டுக் கருநீலத்துக்குப் போங்கள். இல்லாவிட்டால் முதல் சலவையிலேயே காடா இளஞ்சிவப்பாகிவிடும். எந்த நிறமானாலும் 44 அங்குல அகலத்தில் மூன்றரை மீட்டர் வாங்கினால் சட்டம், ஓரம், விளிம்பில் மடித்துத் தைக்கும் பட்டை ஆகிய மூன்றுக்கும் போதும். மங்கள்தாஸ் மார்க்கெட்டுக்கோ தாதர் ஹிந்த்மாதா துணிக்கடைகளுக்கோ போகும்போது இரண்டு சதுரங்களைப் பையில் எடுத்துச் செல்லுங்கள். கடைக்காரர் என்ன சொன்னாலும், துணியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள்.

சாட்டினை எங்கேயும் நுழைக்க முயல வேண்டாம். பருத்தியோடு சேர்த்துத் தைத்தால் அது வழுக்கும், ஓரம் பிரியும். பருத்திக்கு வேண்டிய சூட்டையும் பல சாட்டின் துணிகள் தாங்கா. பணம் கொடுத்து வாங்கியதாயிற்றே என்ற எண்ணத்தில்தான் எத்தனையோ நல்ல போர்வைகள் கெட்டுப்போகின்றன.

இருபதாவது சதுரத்தைப் புதிதாக ஒன்பது துண்டுகள் வைத்துத் தைக்க வேண்டாம். அம்மாவின் புடவையில் வெட்டாத பகுதி எஞ்சியிருந்தால், முந்தானையிலிருந்து பன்னிரண்டரை அங்குலத்துக்கு ஒரே துண்டாக வெட்டிச் சட்டம் போடுங்கள். இத்தனை கட்டங்களுக்கு நடுவே ஒன்று வெறுமையாக இருப்பது கண்ணுக்கு இதமாக இருக்கும். எந்தப் புடவையிலிருந்து அம்மாவின் சதுரங்கள் வந்தன என்பதும் அதில் முழுதாகத் தெரியும்.

அம்மா தைத்த ஏழு சதுரங்களையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒவ்வொன்றையும் ஜன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பாருங்கள். கைத்தையல் தளர்ந்து ஒளி கசியும் இடங்களில் மட்டும் பின்பக்கத்திலிருந்து சின்னச் சின்ன பேக் ஸ்டிச் (ஒவ்வொரு முறையும் ஊசியைச் சற்றுப் பின்னால் கொண்டுவந்து குத்தும் தையல்) போடுங்கள். முழுவதும் மெஷினை ஓட்டி அந்தக் கைத்தையலை மறைத்துவிடாதீர்கள். இரண்டு கட்டைவிரல்களால் மெல்ல இழுத்தாலே துணி விட்டுக்கொடுக்கிறது என்றால், பின்னால் மெல்லிய மல் துணியை வைத்து நான்கு ஓரமும் பிடித்துவிடுங்கள். இருபது சதுரங்களில் நாற்புறமும் பாதுகாப்பாக அமையும் உள் இடங்கள் ஆறே ஆறுதான். அம்மாவின் ஏழில் அதிகம் நைந்த ஆறு சதுரங்களையும் அங்கே வையுங்கள். உறுதியான ஏழாவதைச் சுவரோரப் பக்கத்தில் நடுவரிசையில் வைக்கலாம். தலைமாட்டு வரிசைக்கு மட்டும் வேண்டாம். அங்கே தலை எண்ணெய் படியும், அடிக்கடி தேய்த்துத் துவைக்க நேரும்.

மற்றவற்றைத் தரையில் பரப்பி, நாற்காலிமீது ஏறி நின்று கைபேசியில் படமெடுத்து, அதைக் கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நிறத்தின் கவர்ச்சி போய்விடுவதால், கருமையான சதுரங்கள் எந்த மூலையில் குவிந்திருக்கின்றன என்பது உடனே தெரியும். அவற்றைக் கலைத்துப் பரப்பிவிடுங்கள். வீட்டிலுள்ள அத்தனை பேரிடமும் கருத்துக் கேட்கத் தொடங்கினால் இந்த ஒரு வேலையே ஒரு மாதம் இழுக்கும். மகளிடம் மட்டும் படத்தை அனுப்பிக் கேளுங்கள்.

உள்ளே வைக்கத் தடித்த பாலியெஸ்டர் பஞ்சு வேண்டாம்; வெயில் காலத்தில் அந்தப் போர்வையை யாரும் தொடமாட்டார்கள். மகாராஷ்டிர வீடுகளில் தைக்கும் கோதடியை நீங்கள் பார்த்திருப்பீர்கள்: பழைய புடவைகளை அடுக்கி, நெருக்கமாக ஓட்டுத் தையல் போடுவார்கள், அவ்வளவுதான். அதையே பின்பற்றுங்கள். ஐந்தரை மீட்டர் பருத்திப் புடவை ஒன்றைக் குறுக்கே இரண்டாக வெட்டி நீளவாக்கில் இணைத்தால் பின்பக்கம் முழுவதற்கும் வேறு ஒட்டில்லாமல் போதும். இன்னொன்றை அதேபோல நடு அடுக்காக வையுங்கள். பஞ்சு இல்லாததால் போர்வை உப்பாது. ஆகவே தையல் கோடுகளை ஒவ்வொரு சட்டத்தின் உள்விளிம்பையும் ஒட்டி ஓட்டினாலே கட்டங்கள் தெளிவாக நிற்கும்.

பட்டை வைப்பதையும் சதுரங்களை இணைப்பதையும் மழைக்காலத்திலேயே செய்யலாம். அடுக்கித் தைக்கும் வேலையை மட்டும் அக்டோபருக்கு மேல் தள்ளிவையுங்கள். ஈரம் ஏறிய துணியை அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும், மாதக்கணக்கில் குத்தி வைத்த ஊக்குகள் துருப்பிடித்துக் கறை விடும். அடுக்குகளைப் பிடித்து நிறுத்த ஊக்குக்குப் பதிலாக, நான்கு விரல் இடைவெளியில் வெள்ளை நூலால் நீளமான ஓட்டுத் தையல் போட்டு, வேலை முடிந்ததும் உருவிவிடுங்கள்.