இரண்டு பேரும் டெனர் சாக்ஸபோன் வாசிக்கிற ஜாஸ் ஆல்பத்தில், யார் எப்போது வாசிக்கிறார் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே மாதிரி கேட்டுச் சலிக்காதா?

கேட்டவர் ஏதோ 'கட்டாயம் கேட்க வேண்டிய ஜாஸ்' பட்டியலை நம்பி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு பத்து நிமிடம் கேட்டுவிட்டு, 'எல்லாம் ஒரே ஆள் ஊதுற மாதிரிதானே இருக்கு' என்று குழம்பி இங்கே வந்திருப்பார் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் மன்னிக்கவும். நான் அப்படித்தான் இருந்தேன், நாலைந்து வருடம்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் இசைக்காரன் இல்லை. கணக்கு எழுதுகிற வேலை. சாக்ஸபோனைத் தொட்டுப் பார்த்ததுகூட இல்லை. 'ஸ்வரம் தெரியாதவனெல்லாம் ஜாஸ் பேச வந்துட்டான்' என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள். எனக்குத் தெரிந்தது காதால் கேட்டது மட்டும்தான்.

என்னைப் படுத்திய ஆல்பத்தின் பெயர் 'கோல்மன் ஹாக்கின்ஸ் என்கவுன்டர்ஸ் பென் வெப்ஸ்டர்'. ஹாக்கின்ஸ், வெப்ஸ்டர் இருவருமே டெனர், அதாவது தாழ்ந்த, தடித்த குரலுள்ள ரக சாக்ஸபோன், வாசிப்பவர்கள். 1957 அக்டோபர் 16 அன்று ஹாலிவுட்டில் பதிவானது. தயாரிப்பாளர் நார்மன் கிரான்ஸ். அவருடைய வெர்வ் இசைத்தட்டு நிறுவனம் 1959இல் வெளியிட்டது. பியானோவில் ஆஸ்கர் பீட்டர்சன், கிட்டாரில் ஹெர்ப் எல்லிஸ், பாஸில் ரே பிரவுன், டிரம்ஸில் ஆல்வின் ஸ்டோலர். முந்தின நாள்தான் வெப்ஸ்டர் இதே பீட்டர்சன் கூட்டத்தோடு, டிரம்ஸுக்கு மட்டும் வேறு ஆளை வைத்து, தனியாக ஒரு ஆல்பத்துக்கு வாசித்திருந்தார். ஹாக்கின்ஸோ அதே 16ஆம் தேதியே இதே ஆட்களோடு தன் பெயரில் இன்னொரு ஆல்பமும் பதிவு செய்தார். நமக்கு ஒரு மின்னஞ்சலுக்குப் பதில் போடவே மூன்று நாள் ஆகிறது.

சில வருடம் முன்பு மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு நண்பர் வீட்டு மாடியில் பத்துப் பேர் கூடி இசைத்தட்டு கேட்போம். ஒரு நாள் இந்த ஆல்பத்தைப் போட்டார்கள். நான் அதை வீட்டில் முப்பது தடவையாவது கேட்டிருந்தேன். அந்தத் தைரியத்தில், பாட்டு நடுவே கண்ணை மூடிக்கொண்டு, 'ஆஹா, வெப்ஸ்டர் வெப்ஸ்டர்தான்' என்று சொல்லித் தொலைத்தேன். ஊதிக்கொண்டிருந்தது ஹாக்கின்ஸ். அரை நிமிடம் யாரும் பேசவில்லை. அப்புறம் மூலையில் இருந்த ஒருவர், 'சார் சினிமாப் பாட்டிலேயே இருந்திருக்கலாம்' என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். அடுத்த மாதத்திலிருந்து போகவில்லை. சினிமாப் பாட்டு கேட்பது என்ன குற்றமா என்று அன்றைக்கே திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். பதில் எனக்கு எப்போதும் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதுதான் தோன்றும்.

எனக்குப் பாடம் எடுத்தது என் மாமனார். கண் ஆபரேஷன் முடிந்து எங்கள் வீட்டில் ஒரு மாதம் தங்கியிருந்தார். டிவி பார்க்கக் கூடாது, படிக்கக் கூடாது என்றதால் நான் வைக்கிற பாட்டைக் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. ஆல்பத்தின் பெயரைச் சொன்னதும், 'என்கவுன்டரா? யாரு யாரைப் போட்டாங்க மாப்ளே?' என்று கேட்டார். யாரும் யாரையும் சுடவில்லை மாமா, சந்தித்துக்கொண்டார்கள் என்று விளக்கினேன். கொஞ்ச நேரம் கேட்டவர் திடீரென்று, 'இந்த ஆளுக்கு என்னை மாதிரியே இழுப்பு இருக்கும் போல. காத்து தனியா வருது பாருங்க' என்றார். அவருக்கு முப்பது வருட ஆஸ்துமா. பக்கத்திலேயே இன்ஹேலர்.

அவர் சொன்ன ஆள் பென் வெப்ஸ்டர். பல வருடமாக எனக்குப் பிடிபடாதது அவருக்கு ஒரே பாட்டில் பிடிபட்டுவிட்டது. மெதுவான பாட்டுகளில் வெப்ஸ்டர் ஒரு ஸ்வரத்தை முடிக்கும்போது சத்தம் முதலில் அடங்கும். காற்று அதற்குப் பிறகும் கொஞ்ச நேரம் வந்துகொண்டே இருக்கும். உதட்டைத் தளர்த்திப் பிடித்து, தாழ்ந்த ஸ்வரங்களைக் கிசுகிசுப்பாக வாசிக்கிற முறை அது. ஹாக்கின்ஸிடம் காற்று தனியாகக் கேட்காது. குரல் தடிப்பானது, விளிம்பு கூர்மை. பாட்டின் மெட்டை விட்டு இறங்கி, அடியில் மாறிக்கொண்டே இருக்கிற ஒவ்வொரு சுரக்கூட்டையும் (ஒன்றாகச் சேர்ந்து ஒலிக்கிற ஸ்வரங்கள், கார்ட் என்பார்கள்) உடைத்து, படிப்படியாக ஏறி இறங்குவார். மாமனார் இதை 'அவர் அதட்டுறார், இவர் பெருமூச்சு விடுறார்' என்று முடித்துவிட்டார். இதிலும் ஒரு சிக்கல் உண்டு. வேகமான பாட்டில் வெப்ஸ்டரும் உறுமுவார். ஹாக்கின்ஸும் மெதுவான பாட்டில் உருகுவார். ஆகவே மெதுவான பாட்டில் ஆரம்பியுங்கள். 'இட் நெவர் என்டர்ட் மை மைண்ட்', 'பிரிசனர் ஆஃப் லவ்' இரண்டும் போதும்.

நீங்கள் குழம்பியதற்கு வெட்கப்பட வேண்டாம் என்பதற்குச் சரித்திரத்திலேயே காரணம் இருக்கிறது. டெனர் சாக்ஸபோனை ஜாஸில் தனித்து நிற்கிற வாத்தியமாக ஆக்கியவர் என்று ஹாக்கின்ஸைத்தான் சொல்வார்கள். 1904இல் பிறந்தவர். பத்து வருடம் பிளெட்சர் ஹெண்டர்சன் என்பவரின் ஜாஸ் குழுவில் இருந்துவிட்டு, 1934இல் ஐரோப்பாவுக்குப் போனார். அவர் நாற்காலிக்கு முதலில் வந்த லெஸ்டர் யங், ஹாக்கின்ஸ் மாதிரி வாசிக்கவில்லை என்று குழுவில் முணுமுணுத்தார்கள். அவர் விலக, வந்தவர் வெப்ஸ்டர். நாலைந்து வயது இளையவர், ஹாக்கின்ஸைக் கேட்டுக் கேட்டே வளர்ந்தவர். ஆரம்பத்தில் அவர் வாசிப்பு பெரியவரின் நகல் மாதிரிதான் இருந்தது. அப்புறம் 1940இல் டியூக் எல்லிங்டனின் ஜாஸ் குழுவில் சேர்ந்தார். அங்கே டெனரைவிடக் குரல் உயர்ந்த ஆல்டோ சாக்ஸபோன் வாசித்த ஜானி ஹாட்ஜஸ் பக்கத்தில் உட்கார்ந்துதான் அந்த இழைகிற மென்மை வந்தது என்கிறார்கள். ஆக, அந்த 1957 ஸ்டுடியோவில் நின்றது ஒரு குருவும், ஏகலைவன் மாதிரி தூரத்தில் கேட்டுக் கற்றவரும். ஜாடை இல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம். மாடியில் சிரித்த அந்த மனிதருக்கு இது அன்று தெரியாது, எனக்கும் தெரியாது.

சலிக்காதா என்று கேட்டீர்கள். இரட்டை நாகஸ்வரம் மாதிரி இருவரும் ஒரே வரியைச் சேர்ந்து வாசிப்பார்கள் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பெரும்பாலும் முறை வைத்துப் பேசுகிறார்கள். 'லா ரோசிட்டா'வில் மட்டும் ஒருவர் மெட்டைச் சொல்லச் சொல்ல இன்னொருவர் அடியில் முனகிக்கொண்டே கூட வருவார். அதை நான் இன்னும் நூறு தடவை கேட்பேன். 'புளூஸ் ஃபார் யோலாண்ட்' வேறு ரகம். அதில் ஹாக்கின்ஸ் ஓரிடத்தில் வாத்தியத்தைக் கிறீச்சிட வைப்பார். என் மனைவி அடுப்படியிலிருந்து வந்து ஸ்பீக்கர் போய்விட்டதா என்று கேட்டாள்.

ஸ்பீக்கர் என்றதும் ஞாபகம் வருகிறது. எங்கள் குடியிருப்பில் இரவு ஒன்பதரைக்கு நான் பாட்டு கேட்டதாகச் சங்கத்து வாட்ஸப் குழுவில் புகார். 'ஷெனாய் சத்தம்' என்று எழுதியிருந்தார்கள். அதே குடியிருப்பில் அதிகாலை நாலே முக்காலுக்குத் தண்ணீர் லாரி வந்து மோட்டாரைப் போடுகிறது, தினமும். அதைப் பற்றி இரண்டு வருடமாக எழுதுகிறேன், கட்டைவிரல் படம் ஒன்று போடுவதோடு சரி. பராமரிப்புக் கட்டணம் மட்டும் ஒன்றாம் தேதி ஞாபகப்படுத்துவார்கள். சரி, விடுங்கள்.

'டெனர் வாசிக்கிற சன்னி ரோலின்ஸும் ஜான் கோல்ட்ரேனும் சேர்ந்த டெனர் மேட்னஸை ஏன் சொல்லவில்லை' என்று கேட்பவர்களுக்கு: 1956இல் வந்த அந்த ஆல்பத்தில் கோல்ட்ரேன் ஒரே ஒரு பாட்டில்தான் வருகிறார். நல்ல பாட்டு, மறுக்கவில்லை. 1963இல் ரோலின்ஸ் தன் ஆதர்சமான ஹாக்கின்ஸோடு ஒரு முழு ஆல்பம் போட்டார். அதில் யார் யார் என்ற குழப்பமே வராது. ரோலின்ஸ் வேண்டுமென்றே கோணல்மாணலாக வாசித்துப் பெரியவரைச் சீண்டிக்கொண்டே இருப்பார், பெரியவர் அசரமாட்டார். காதைப் பழக்க ஆரம்பிப்பவர்களுக்கு அதைச் சொல்ல மாட்டேன்.

கண்ணால் பார்த்தால் காது சீக்கிரம் பழகும். இந்தப் பதிவு முடிந்து இரண்டு மாதத்துக்குள், 1957 டிசம்பர் 8 அன்று, அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஒரு நேரலை ஜாஸ் நிகழ்ச்சி வந்தது. அதில் பாடகி பில்லி ஹாலிடே 'ஃபைன் அண்ட் மெலோ' பாடும்போது சுற்றி நிற்பவர்களில் இந்த இருவரும் உண்டு. பில்லி பாடி நிறுத்தியதும் முதலில் தனியாக வாசிப்பவர் வெப்ஸ்டர், அடுத்தது நான் மேலே சொன்ன லெஸ்டர் யங். ஹாக்கின்ஸ் கொஞ்சம் பின்னால் வருவார். வீடியோ இணையத்தில் கிடைக்கிறது. முகத்தையும் சத்தத்தையும் சேர்த்து நாலு தடவை பார்த்துவிட்டு ஆல்பத்துக்குத் திரும்புங்கள்.

செல்போன் ஸ்பீக்கரில் மட்டும் கேட்காதீர்கள். கீழ் ஸ்வரங்கள் அதில் வராது. அப்புறம் மறுபடியும் ரெண்டும் ஒண்ணுதான் என்று இங்கேயே வந்து நிற்பீர்கள்.